விமானத்துக்குச் சொன்ன நிறை

மே 6, செவ்வாய்

கொழும்பு. கன்னியர் விடுதியின் விருந்தினர் அறை. மின்விசிறி முனகுகிறது. படுக்கை விரிப்பு மட்டும் சுத்தம்.

காலையில் யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து அந்தச் சிறிய விமானத்தில் வந்தேன். பன்னிரண்டு பேருக்கு மேல் அதில் ஏற முடியாது. இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. விமானிக்கும் எங்களுக்கும் நடுவில் கதவோ திரையோ இல்லாததால் அவருடைய சட்டைக் கழுத்து அழுக்கா சுத்தமா என்பது வரை தெரியும். (இன்று சுத்தம்.) ரயிலில் நாள் முழுவதும் குந்தியிருக்க என் முதுகு இடம் தராது. இதில் காதுக்குப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தால் கொழும்பின் இரத்மலானை வந்துவிடும்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். ஏறுமுன் ஆட்களை நிறுக்கிறார்கள். கைப்பையைப் பிடித்தபடி தராசில் ஏறி நிற்க வேண்டும். கவுண்டரில் இருக்கும் சுகிர்தா என்ற பிள்ளை எண்ணை உரத்துச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். மீன் சந்தையில் ஏலம் கூறுவது இதைவிட மரியாதையாக இருக்கும்.

இன்று பார்த்துப் பவளமும் வந்திருந்தாள். என் கணவரின் தங்கை. அவளும் என்னைப் போலக் கணவனை இழந்தவள். நல்லூரில் இளைய மகன் வீட்டில் இருக்கிறாள். வெள்ளவத்தையில் இருக்கும் மூத்த மகனிடம் அடிக்கடி போய்வருகிறாள். நான் தராசில் ஏறியதும் சுகிர்தா, "நாப்பத்தி மூண்டு" என்றாள்.

"என்ன மச்சாள், போன வருசம் ஐம்பத்தைஞ்சு எண்டெல்லோ சொன்னவை! மிச்சத்தை எங்க வைச்சிட்டு வந்தனீங்கள்?" என்றாள் பவளம். வரிசை சிரித்தது.

"தராசு பிழை" என்றேன்.

"எனக்கு மட்டும் ஒழுங்காக் காட்டுது. இருங்கோ, வதனாவுக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்துச் சொல்லுறன்."

"நீர் உம்மட நிறையைப் பாரும்."

சொல்லக்கூடியவள்தான். என் மகள் வதனாவிடம் அவள் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மே 7, புதன்

டொக்டரைப் பார்த்தேன். மருந்து ஏற்றினார்கள். அவர் சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை வரவேண்டும்.

கண் டொக்டரிடம் போவதாக ஊரில் சொல்லியிருக்கிறேன். முழுப் பொய் அல்ல. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு கண் டொக்டர் இருக்கிறார்.

மே 10, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். முற்றம் கூட்டும் பெண் குப்பையை மதிலோரத்தில் குவித்துவிட்டுப் போயிருக்கிறாள். அள்ளச் சொல்லித்தான் சம்பளம். நானே அள்ளத் தொடங்கினேன்; பாதியில் விட்டுவிட்டேன். வெயில்.

இரவு ரொறன்ரோவிலிருந்து வதனா எடுத்தாள். முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்கிறாள். ரெலிபோனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தேன்.

"அம்மா, உங்கட நெத்தியும் சுவரும்தான் தெரியுது. கீழ பிடியுங்கோ."

"நெத்தி காணும். விபூதி தெரியுதெல்லோ?"

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"என்ன?"

"சாப்பாடு."

மூன்று வருடங்களுக்கு முன் நான் கிணற்றடியில் விழுந்தபோது அவளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். சுகமாக இருக்கும்வரை இந்த வீட்டில் தனியாக இருக்கலாம். வருத்தம் என்று வந்தால் அவள் வந்து வீட்டைப் பூட்டி, விற்று, என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். "பிறகு கதை கிடையாது அம்மா" என்றாள். சரி என்றேன். கொடுத்த வாக்கை மீறுவது நான் படித்த கொன்வென்ரில் பழக்கம் இல்லை.

அவளிடம் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தவள் நான். அன்பில் ஒரு குறையும் இல்லை. அடுப்பைத் தொட விடமாட்டார்கள். தேநீர் வேண்டுமென்றால் மருமகன் வேலையால் வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னேரம் நாலு மணிக்கே இருண்டுவிடும். யன்னலருகே ஒரு கதிரையில் என்னை இருத்திவிட்டு, "வடிவா இருங்கோ" என்று சொல்லிப் போவார்கள். வடிவாக இருந்தேன்.

மே 14, புதன்

புதிய சட்டைகள் தைத்து வந்தன. எல்லாம் தொளதொளவென்று இருக்கின்றன. தையல்காரிக்கு அளவெடுக்கத் தெரியாது. பழைய சட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். அவையும் அப்படித்தான். பழையதையும் அவள்தான் தைத்தவள்.

மே 19, திங்கள்

புட்டு இறங்கவில்லை. கஞ்சி பாதி.

மே 25, ஞாயிறு

களஞ்சிய அறையை ஒழுங்குபடுத்தினேன். என் மாமியார் வெங்காயம் நிறுத்து விற்ற காலத்து இரும்புப் படிக்கற்கள் மூலையில் கிடந்தன. கறளைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். இரண்டு கிலோவில் இரண்டு, ஒரு கிலோவில் ஒன்று.

பின்னேரம் ஒரு பழைய பாவாடையின் உட்பக்கத்தில் பைகள் வைத்துத் தைத்தேன். இரட்டை நூலில் பின்தையல். சிஸ்டர் ஒகஸ்ரா படிப்பித்த தையல், இலேசில் பிரியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் ஒரே இருப்பில் முடித்தேன். இன்னும் கை நடுங்கவில்லை.

மே 27, செவ்வாய்

கொழும்பு.

"நாப்பத்தி ஏழு" என்றாள் சுகிர்தா. பவளம் எனக்குப் பின்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தேன்.

"பாத்தீரோ? அப்பவே சொன்னனான், தராசு பிழையெண்டு."

"கொஞ்சம் தேறித்தான் இருக்கிறியள். என்ன சாப்பிடுறியள்?"

"ஒழுங்காச் சாப்பிடுறன்."

அவள் முகத்தைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. ஆனால் விமானத்தின் படியில் ஏறும்போது தொடை இழுத்துக்கொண்டது. பாரம் ஒருபக்கம் சாய்ந்து, கால் தூக்க வரவில்லை. கையைக் கொடுக்க வந்தவரிடம் வேண்டாம் என்றேன்.

போன முறை என்னைக் கடைசி வரிசையில் இருத்தினார்கள். இம்முறை நடுவில். கப்டன் விஜேதுங்க கையில் தாளோடு நின்று ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னார். எங்கே இருப்பது என்பதை நிறைதான் தீர்மானிக்கிறதாம். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு பெரிய இயந்திரத்துக்கு ஓர் ஆளின் இரண்டு மூன்று கிலோ தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒருவர் ஐந்து கிலோ பொய் சொன்னால் விமானம் மன்னித்துவிடும், மேடம். பன்னிரண்டு பேரும் சொன்னால் நாங்கள் ஓடுபாதை முடிவில் பனங்கூடலுக்குள் நிற்போம்" என்றார்.

நான் ஒருத்திதானே.

மே 28, புதன்

மருந்து ஏற்றினார்கள். டொக்டர் என்னைத் தன் தராசில் நிறுத்துப் பார்த்து எண்ணைக் கோப்பில் எழுதினார். அங்கே வேறு பாவாடை.

ஜூன் 1, ஞாயிறு

தொடையில் இரண்டு பக்கமும் நீலம் பாய்ந்திருக்கிறது. நல்லெண்ணெய் தடவினேன்.

ஜூன் 9, திங்கள்

முற்றம் கூட்டும் பெண், "அம்மா, உங்கட தலைமயிர் கனக்கக் கொட்டுது, கிணத்துத் தண்ணி சரியில்லைப் போல" என்றாள். தண்ணீர்தான் என்று சொன்னேன். அவள் நல்லவள். குப்பையையும் இப்போது அள்ளுகிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

கொழும்பு. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் வரவேண்டிய விமானம் வரவில்லை. கொழும்பில் மழையாம். எட்டு மணிக்குப் போகவேண்டிய நாங்கள் மத்தியானம் வரை மண்டபத்தில் இருந்தோம். வெயில் ஏறி, இத்தனை நாளும் அடித்த சோளகக் காற்றும் விழுந்துவிட்டது. வெளியே ஒரு புல் அசையவில்லை. விமானம் வந்து இறங்கியதும் கப்டன் விஜேதுங்க உள்ளே வந்து தாளைப் பார்த்தார். சுகிர்தாவைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கதைத்தார். அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. காலமையெண்டால் இந்தப் பாரத்தோட போயிருக்கலாம். இப்ப வெக்கை. காத்தும் இல்லை. இந்த வெக்கையில பிளேன் இவ்வளவு பாரத்தைத் தூக்காது. பதினைஞ்சு கிலோ இறக்கவேணும். பாசல் வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து விடுங்கோ. நாளைக்கு அனுப்பிவிடுறம்."

யாழ்ப்பாணத்தாரிடம் பொதியை விடச் சொல்வது சிறிய காரியம் அல்ல. கொழும்பில் எவரோ ஒருவர் அந்தப் பொதிக்காகக் காத்திருப்பார். ஒருவரும் அசையவில்லை.

"ஐயா, அந்தச் சாக்கில என்ன?"

"ஒடியல்மா, பிள்ளை. மகளுக்கு. அவ கூழ் காய்ச்சவெண்டு நண்டெல்லாம் வாங்கி வைச்சிருக்கிறா."

"நண்டு ஐஸ்பெட்டிக்குள்ள இருக்கட்டும். விடுங்கோ."

ஒடியல்மா இறங்கியது. நல்லெண்ணெய்ப் போத்தல்கள் இறங்கின. ஒரு கடை முதலாளி கருவாட்டுப் பெட்டியை விட்டார். அதன் மணம் போனதற்கு எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். மிஞ்சியது பவளத்தின் மாம்பழக் கூடை.

"இது கறுத்தக்கொழும்பான். நாளைக்கு அனுப்பினால் அழுகிப்போடும். பேரன் பாத்துக்கொண்டிருப்பான்."

"அன்ரி, கூடையோட நாலு கிலோ."

"அப்ப என்னை இறக்கிப்போட்டு மாம்பழத்தை ஏத்துங்கோவன்!"

"அப்பிடிச் செய்தால் பிரச்சினை முடிஞ்சுதெல்லோ" என்றார் கடை முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். பவளமும் சிரித்துவிட்டாள். கூடை இறங்கியது.

இன்னும் நாலு கிலோ கூடுதல். இறக்க ஒன்றும் இல்லை. இனி ஓர் ஆள்தான் இறங்க வேண்டும். கடைசியாக இடம் பதிந்தவர் யாரோ அவர்தான் என்பது அங்கத்தைய முறை.

அவர் பெயர் தயாபரன். முப்பது வயதிருக்கும். அதுவரை ஒரு மூலையில் ரெலிபோனைப் பார்த்தபடி இருந்தவர். மனைவி பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்பில் தாயோடு இருக்கிறாள். இரண்டு மாதம் முந்தியே இன்று விடிய பிரசவ நோ கண்டுவிட்டது. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தகவல் வந்ததும் கிடைத்த இடத்தைப் பதிந்துகொண்டு ஓடிவந்திருக்கிறார்.

அவர் சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார். இடுப்புப் பட்டியை உருவினார். கைக்கடிகாரம், பணப்பை எல்லாவற்றையும் கவுண்டரில் வைத்தார்.

"தங்கச்சி, நான் காலமை ஒண்டும் சாப்பிடேல்லை. இன்னும் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோவன்."

நிறுத்தார்கள். ஒரு கிலோ குறைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கடை முதலாளியும் தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். கப்டன் தலையை ஆட்டினார்.

"மன்னிக்கவும். மூன்று கிலோ இன்னும் கூடுதல். நான் விமானத்தை எழுப்ப மாட்டேன்."

மற்றவர்களில் ஒருவர் இறங்கலாமே என்று சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவருக்குப் பிரித்தானியத் தூதரகத்தில் நேர்முகம். ஒருவர் வெளிநாடு போகும் மருமகளை வழியனுப்ப வேண்டும். எனக்கும் நாளைக்கு மருந்து; தவறவிடக் கூடாது என்று டொக்டர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். தயாபரன் சப்பாத்தை மறுபடி போட்டுக்கொள்ளக் குனிந்தார். கயிற்றைக் கட்ட அவருக்கு வரவில்லை. பேருந்தில் போனால் இரவாகிவிடும்.

நான் எழுந்து கழிவறைக்குப் போனேன்.

பையைப் பிரிக்க முடியவில்லை. கத்தரிக்கோல் கைப்பையில் கொண்டுவர விடமாட்டார்கள்; பையை மட்டும்தான் திறந்து பார்ப்பார்கள். நகத்தால் இழுத்தேன். நூல் அசையவில்லை. கடைசியில் சுவரோடு சாய்ந்து நின்று, பாவாடையை வாய்வரைக்கும் தூக்கிப் பல்லால் கடித்தேன். என் வயதில், என் நிலையில் உள்ள ஒரு பெண் செய்யும் காரியம் அல்ல. முதல் கல் விழுந்து தரை ஓட்டில் ஒரு துண்டு உடைந்தது. அதற்கும் சொல்ல வேண்டும்.

மூன்றையும் கைப்பையில் இருந்த துவாயில் சுற்றிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தேன்.

"இது என்ர. என்னைத் திருப்பி நிறும் பிள்ளை."

சுகிர்தா துவாயை விரித்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தராசில் ஏறினேன். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, எழுதுபவருக்கு மட்டும் காட்டுவதற்காக ஒரு துண்டில் குறித்தாள்.

"மற்ற ஆக்களுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லும்" என்றேன்.

"அன்ரி..."

"சொல்லும்."

"நாப்பத்தி ஒண்டு."

பவளத்தை நான் பார்க்கவில்லை. கப்டன் வந்து இரும்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். போன முறையும் இது இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். "உங்களை நம்பித்தான் நடு வரிசையில் இருத்தினேன், மேடம்" என்றார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளில் என் எண்ணை வெட்டி வேறு எண்ணை எழுதினார். பிறகு தயாபரனைப் பார்த்து, "வாங்க" என்று தமிழில் சொன்னார்.

எனக்குக் கடைசி வரிசை. பவளம் முன்னுக்கு இருக்கவேண்டிய ஆள். கப்டனோடு வாதாடி எனக்கு முன் இருக்கைவரைக்கும்தான் அவளால் வரமுடிந்தது. மேலே எழும்பியதும் திரும்பி ஏதோ கேட்டாள். இயந்திரச் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. பஞ்சை எடுத்தேன்.

"எத்தினை மாசமா எண்டு கேட்டனான்!"

விமானம் முழுவதும் கேட்டது.

"தை மாசத்தில இருந்து."

"ஆருக்குத் தெரியும்?"

"டொக்டருக்கு."

அவள் முன்னுக்குத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பிடரி மட்டும் தெரிந்தது. கீழே பாலாவியின் உப்பளங்கள், பிறகு கடற்கரை. வெகுநேரம் கழித்து மறுபடி திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"என்ர மாம்பழத்தை இறக்கவைச்சிட்டு, நீங்கள் இரும்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறியள்."

"ஓம்."

"விசர் மச்சாள் நீங்கள்."

இரத்மலானையில் கதவு திறந்ததும் தயாபரன் முதல் ஆளாய் இறங்கி ஓடினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரிதான். சப்பாத்துக் கயிறு கட்டாமலே கிடந்தது. விழுந்துவிடப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, புதன்

மருந்து ஏற்றினார்கள். பவளம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கட்டிலருகே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டாள். தாதி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள், பாதி பிழையாக. டொக்டரிடம் என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது, இன்னும் எத்தனை முறை, பிறகு என்ன என்று விசாரித்தாள். கடைசிக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதிலின்போது யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பவளம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். வெள்ளவத்தையில் அவளுடைய மகன் வீட்டிலிருந்து வதனாவுக்கு எடுத்தேன். ரெலிபோனை நேரே பிடித்தேன். முகம் முழுவதும் தெரிந்திருக்கும். வதனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொன்னேன். சுருக்கமாகத்தான். அவள் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அடுத்த கிழமையே வாறன். வீட்டைப் பூட்டுவம். இஞ்ச எல்லா வசதியும் இருக்கு."

"ஓம். வாக்குக் குடுத்தனான்" என்றேன்.

குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் பவளம் என் கையிலிருந்து ரெலிபோனைப் பறித்துவிட்டாள். பிறரின் கையிலிருந்து பறிப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம் என்று என் கணவர் சொல்வார்.

"பிள்ளை, மாமி கதைக்கிறன். அங்க கொண்டுபோய் என்ன செய்யப் போறாய்? நீயும் வேலை, அவரும் வேலை. இவ நாலு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? நீ வா. வந்து பார். ஆனால் வீட்டைப் பூட்டாதை. நான் போய் இவவோட இருக்கிறன்."

"மாமி, நீங்கள் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் ஒரு வீட்டில இருக்கமாட்டீங்கள்!"

"சண்டை பிடிக்கவும் ஆள் வேணுமெல்லோ!"

அரை மணித்தியாலம் கதைத்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முடிவில் வதனா சம்மதித்தாள். ஒவ்வொரு மருந்துக்கும் பவளம் கூடப் போகவேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் முகம் காட்ட வேண்டும். அதுவும் நெற்றி அல்ல.

நல்லூரில் அவளுக்குத் தன் பேரப்பிள்ளைகளும் மாடி அறையும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஏன் வருகிறாள் என்று கேட்டேன். "அண்ணைக்காக" என்றாள். அவரைச் சொல்லி என் வாயை மூடுவது அவளுக்குத் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

வீடு. பலாலியில் இறங்கியபோது சுகிர்தா ஓடிவந்து தகவல் சொன்னாள். தயாபரன் எடுத்தாராம். பெண்பிள்ளை. தாய் நலம். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மூச்சுத் தானாக விடுகிறது.

"என்ன நிறை?" என்று கேட்டேன்.

சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. இதைத்தானே முதலில் கேட்க வேண்டும்.

உடைந்த தரை ஓட்டைப் பற்றியும் சொன்னேன். பரவாயில்லை என்றாள்.

ஜூன் 30, திங்கள்

பவளம் வந்துவிட்டாள். ஓட்டோவில் இரண்டு நடை. ஒரு பெரிய வானொலி, மூன்று ஊறுகாய்ப் போத்தல், அளவுக்கு மிஞ்சிய சீலைகள். சமையலறையில் என் கரண்டிகளை இடம் மாற்றிவிட்டாள். தேநீரில் அவள் போடும் சீனிக்கு என் பல் கூசுகிறது. குளித்த துவாயைக் கதிரை முதுகில் போடுகிறாள். சொன்னால், "அண்ணையும் அப்பிடித்தானே போடுறவர்" என்கிறாள். அவரைத் திருத்த எனக்கு எட்டு வருடம் எடுத்தது. எனக்கு இப்போது அவ்வளவு காலம் இல்லை.

கஞ்சியை முழுவதும் குடிக்கும்வரை எதிரே நிற்கிறாள். குடிக்கிறேன். வாதாடக் களைப்பாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பவளம் பக்கத்து அறையில் படுத்தாள். படுத்ததும் குறட்டை. விறாந்தைவரை கேட்கிறது. எழுந்து போய் இடைக்கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன். வீடு அமைதியானது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.